ரெண்டு ராத்திரி ஐஸ்லாந்து: போற வழியில இறங்கிப் பார்க்கறது எப்படி

அமெரிக்கா கனடால இருந்து ஐரோப்பா போற வழியில, அட்லாண்டிக் நடுவுல ஐஸ்லாந்து இருக்கு. ஐஸ்லாண்ட்ஏர் டிக்கெட் எடுத்தா ஃப்ளைட் அங்க இறங்கித்தான் மாறும். டிக்கெட் விலையில கூடுதலா எதுவும் கட்டாம 7 ராத்திரி வரைக்கும் அங்க தங்கிட்டு மிச்ச பயணத்தைத் தொடரலாம். இது தெரிஞ்சும் நிறைய பேர் ஏர்போர்ட்ல ஒரு காபி குடிச்சிட்டு அடுத்த கேட்டுக்கு ஓடிடறாங்க. நாங்களும் பாஸ்டன்ல இருந்து லண்டன்ல இருக்கற மச்சினி வீட்டுக்குப் போறப்ப ரெண்டு தடவை அப்படித்தான் ஓடினோம். மூணாவது தடவை இறங்கினோம், அடுத்த வருஷம் அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டு திரும்ப இறங்கினோம். முதல் தடவை போறவங்களுக்கு என்னென்ன வேணுமோ அதை வரிசையா எழுதறேன்.

ஒண்ணை மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். மேப்ல நாடு சின்னதாத்தான் தெரியும், நாட்டைச் சுத்தி வர ரிங் ரோடு சுமார் 1,300 கிலோமீட்டர், "ரெண்டு நாள்ல அடிச்சிடலாம்"னு தோணும். தயவு செஞ்சு அந்த எண்ணத்தை விட்டுடுங்க. ரெண்டு ராத்திரி இருக்கா, ஒரு நாளைக்கு ஒரு திசை, ஒரு திசையில மூணு இடம், அவ்வளவுதான். அங்க வானிலை எப்ப மாறும்னு யாருக்கும் தெரியாது, கையில நேரம் மிச்சம் வெச்சிருக்கறவங்கதான் எதையும் ஒழுங்கா பார்த்துட்டு வர்றாங்க.

முதல்ல டிக்கெட்: போறப்ப இறங்கறதா, வர்றப்ப இறங்கறதா

ஏர்லைன் சைட்ல புக் பண்றப்பவே ஸ்டாப்ஓவர்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், எத்தனை ராத்திரின்னு போட்டா போதும். ஐஸ்லாந்து வரைக்கும் ஒண்ணு, அங்கேருந்து மேல போக ஒண்ணுன்னு தனித்தனி டிக்கெட்டா எடுத்தா விலை ஏறிடும், அதனால ஒரே புக்கிங்ல போடுங்க. ரொம்ப மலிவான டிக்கெட்ல செக்-இன் பெட்டி சேராது, அதையும் பார்த்துக்கோங்க. ஸ்டாப்ஓவர்னா பெட்டி கெஃப்லாவிக் ஏர்போர்ட்லயே நம்ம கைக்கு வந்துடும், திரும்ப கிளம்பற அன்னைக்கு மறுபடி செக்-இன் பண்ணணும்.

இப்ப முக்கியமான விஷயம். அமெரிக்கப் பக்கத்துல இருந்து வர்ற ஃப்ளைட் பெரும்பாலும் ராத்திரி கிளம்பி விடிகாலை 6, 6:30-க்கு இறங்கும். ஐஸ்லாந்து வருஷம் முழுக்க ஜிஎம்டி நேரம்தான், கோடையில பாஸ்டனை விட 4 மணி நேரம் முன்னாடி, அப்படின்னா நம்ம உடம்புக்கு அப்ப நடு ராத்திரி ரெண்டரை மணி. ஃப்ளைட்டே அஞ்சு மணி நேரம்தான், சாப்பாடு, அறிவிப்பு எல்லாம் போக ரெண்டு மணி நேரம் கண்ணை மூடினா பெரிசு. அந்த நிலைமையில காரை எடுத்துட்டு தெரியாத ரோட்டுல காத்துல போறது ஆபத்து. ஐரோப்பால இருந்து திரும்பி வர்றப்ப இறங்கினா மத்தியானம் மூணு மூணரை வாக்குல வந்து சேருவோம், நல்லா தூங்கி எழுந்த உடம்பு, லண்டனுக்கும் அங்கேயும் கோடையில ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். கிளம்பற அன்னைக்கும் சாயங்காலம் 5 மணி வாக்குலதான் ஃப்ளைட், அதனால காலை முழுக்க நம்ம கையில. சின்னப் பசங்க, வயசானவங்க கூட இருந்தா நான் கண்டிப்பா திரும்பி வர்றப்பதான் இறங்கச் சொல்லுவேன். அப்பா அம்மாவை அப்படித்தான் கூட்டிட்டு வந்தோம், முதல் தடவைக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

விசா: இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க

ஐஸ்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இல்ல, ஆனா ஷெங்கன்ல, அதாவது ஒரே விசால போய் வர்ற ஐரோப்பிய நாடுகளோட கூட்டுல, இருக்கு. இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்களுக்கு ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர ஷெங்கன் விசா வேணும். கிரீன் கார்டு இருக்கு, கனடா பிஆர் இருக்கு, பிரிட்டன்ல ரெசிடன்ஸ் இருக்கு, போதாதான்னு கேப்பாங்க. போதாது. கனடா, அமெரிக்கா, பிரிட்டன் குடியுரிமையே வாங்கி அந்த பாஸ்போர்ட் கையில இருந்தாத்தான் விசா இல்லாம போகலாம், அதுவும் எந்த 180 நாள் எடுத்தாலும் அதுல 90 நாளுக்குள்ள, மத்த ஷெங்கன் நாட்டுல இருந்த நாளும் அதுலதான் சேரும்.

எந்த நாட்டுக்கிட்ட விண்ணப்பிக்கறதுன்னு ஒரு குழப்பம் வரும். லண்டன் போறீங்கன்னா பிரிட்டன் ஷெங்கன்ல கிடையாது, உங்களுக்கு ஷெங்கன் நாடு ஐஸ்லாந்து மட்டும்தான், அதனால ஐஸ்லாந்து விசா போடணும், பிரிட்டனுக்குத் தனி விசா வேற. பாரிஸ்ல அஞ்சு நாள், ஐஸ்லாந்துல ரெண்டு நாள்னா எங்க அதிக நாளோ அங்க, அதாவது பிரான்ஸ்கிட்ட. 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், கடைசி பட்சம் 15 நாள் முன்னாடி, ஆனா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே பாடு, நான் மூணு மாசம் முன்னாடி ஆரம்பிச்சேன். பெரியவங்களுக்கு கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மெடிக்கல் கவர் இருக்கற டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம். பொதுவா எங்க குடியிருக்கோமோ அங்கதான் விண்ணப்பிக்கணும், டூரிஸ்ட் விசால நம்மகிட்ட வந்திருக்கற அப்பா அம்மாவுக்கு இங்கேருந்து போடலாம்னு நினைச்சு உட்கார்ந்துடாதீங்க. எங்க அப்பா அம்மாவுக்கு ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே வாங்கிட்டோம்.

எந்த மாசம்

ஜூன் கடைசியில சூரியன் நடு ராத்திரி வாக்குல மறைஞ்சு மூணு மணிக்கெல்லாம் எழுந்துடும், நடுவுலயும் இருட்டாகாது. டிசம்பர் கடைசியில காலை 11:20 வாக்குல விடிஞ்சு மூணரைக்கெல்லாம் பொழுது சாஞ்சிடும், நாலு மணி நேரம்தான் பகல். ரெண்டு ராத்திரி தங்கறவங்களுக்கு இந்தக் கணக்குதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். பச்சையா மலை, அருவி, பயமில்லாத ரோடு வேணும்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட், விலையும் கூட்டமும் அப்பதான் உச்சம். நார்தர்ன் லைட்ஸ், அதாவது ராத்திரி வானத்துல பச்சையா ஆடற வெளிச்சம், பார்க்கணும்னா செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும், கோடையில அது வானத்துல இருந்தாலும் வெளிச்சத்துல தெரியாது. என்னைக் கேட்டா செப்டம்பர் ரெண்டாவது மூணாவது வாரம். பகலும் 12-13 மணி நேரம் இருக்கும், ராத்திரியும் நல்லா இருட்டும், ரோட்டுல பனி உறைஞ்சிருக்காது, கூட்டம் பாதி குறைஞ்சிருக்கும்.

பெட்டியில என்ன

குடையை வீட்டுலயே வெச்சிடுங்க, அந்தக் காத்துல ஒரு நிமிஷம் நிக்காது. காத்தும் மழையும் உள்ள போகாத ஜாக்கெட், அதே மாதிரி பேன்ட், தண்ணி புகாத ஷூ, உள்ள ஒரு கம்பளி. ஜீன்ஸ் நனைஞ்சா காயவே காயாது, நாள் முழுக்க நடுங்கணும். குளிர்காலம்னா ஷூவுக்கு அடியில மாட்டற இரும்பு முள்ளு வாங்கிக்கோங்க, பார்க்கிங்ல இருந்து அருவிக்கு நடக்கற பாதையே கண்ணாடி மாதிரி இருக்கும், வயசானவங்க வழுக்கி விழுந்தா பயணமே போச்சு. ஜூன்னா தூங்கறப்ப கண்ணை மூடிக்க ஒரு துணி. நீச்சல் டிரெஸ் எந்த மாசமா இருந்தாலும் வேணும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

தண்ணி பாட்டில் காலியா ஒண்ணு. குழாய்ல வர்ற பச்சைத் தண்ணி அவ்வளவு சுத்தம், கடையில காசு கொடுத்து தண்ணி வாங்கவே வேண்டாம். சுடுதண்ணிக் குழாய்ல அழுகின முட்டை வாசம் வரும், பயப்படாதீங்க, பூமிக்கு அடியில இருந்து வர்ற கந்தக வாசம் அது, குளிக்க ஒண்ணும் பண்ணாது. குடிக்கிறதுக்கு மட்டும் பச்சைத் தண்ணியை கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பிடிங்க.

இறங்கின முதல் நாள்

கெஃப்லாவிக்ல இருந்து தலைநகர் ரெய்க்யாவிக் 50 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ஃப்ளைபஸ்னு ஒரு பஸ் ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் காத்திருந்து ஊருக்குள்ள கூட்டிட்டுப் போகும், 55-ம் நம்பர் டவுன் பஸ் அதை விட மலிவு ஆனா அடிக்கடி இருக்காது. டாக்ஸி பக்கமே போகாதீங்க, பர்ஸ் காலி. போற வழியில ரெண்டு பக்கமும் கருப்பா எரிமலைக் குழம்பு உறைஞ்ச தரை, மேல பாசி மெத்தை மாதிரி படர்ந்திருக்கும். அந்தப் பாசி மேல கால் வெக்காதீங்க, ஒரு தடம் விழுந்தா ஆற பல வருஷம் ஆகும்.

விடிகாலையில வந்து இறங்கினா பெரிய பிரச்சனை ரூம்தான், மூணு மணி வரைக்கும் தர மாட்டாங்க. வந்து இறங்கறதுக்கு முந்தின ராத்திரியையும் சேர்த்து புக் பண்ணிட்டு நேரா போய் மூணு மணி நேரம் தூங்கறது ஒரு வழி, காசு ஆகும் ஆனா பசங்க இருந்தா அது மிச்சம்தான். இல்லன்னா பெட்டியை ஹோட்டல்ல போட்டுட்டு ஊர் நீச்சல் குளத்துக்குப் போயிடுங்க, வார நாள்ல 6:30-க்கெல்லாம் திறந்துடும், சுடுதண்ணித் தொட்டியில அரை மணி நேரம் உட்கார்ந்தா ஃப்ளைட் அலுப்பு பாதி போயிடும்.

அன்னைக்கு ஊரை மட்டும் நடந்தே பாருங்க, சின்ன ஊர். நாட்டு ஜனத்தொகையே 4 லட்சத்துக்குள்ள. ஹால்க்ரிம்ஸ்கிர்க்யா சர்ச் 74.5 மீட்டர் உயரம், 1945-ல ஆரம்பிச்சு 1986-லதான் கட்டி முடிச்சாங்க. எரிமலைக் குழம்பு ஆறி அறுகோணத் தூண் தூணா நிக்கறதைப் பார்த்து அதே வடிவத்துல கட்டினது, மறுநாள் தெற்குக் கரையில நிஜத் தூணைப் பார்க்கறப்ப சர்ச்சு ஞாபகம் வரும். கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கு, ஏறிப் பார்த்தா சிவப்பும் நீலமுமா தகரக் கூரை வீடுங்க. அங்கேருந்து கீழ இறங்கி கடல் ஓரமா போனா எஃகுல செஞ்ச படகு எலும்புக்கூடு மாதிரி ஒரு சிற்பம், சன் வாயேஜர், பக்கத்துலயே ஹார்ப்பா கச்சேரி மண்டபம், உள்ள போய் சுத்திப் பார்க்க காசு கிடையாது, குளிருக்கு ஒதுங்கவும் நல்ல இடம்.

கார் எடுக்கறதா வேண்டாமா

குளிர்காலம், பனியில ஓட்டிப் பழக்கம் இல்ல, ஒருத்தர்தான் ஓட்டுவாங்க, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் கார் வேண்டாம், டூர் பஸ்ல போங்க. ஹோட்டல் பக்கத்து ஸ்டாப்புல வந்து ஏத்திக்கிட்டு சாயங்காலம் இறக்கி விடுவாங்க. கோடையில ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டற குடும்பம்னா கார்தான் சுகம். ஓட்டறவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்:

ஊருக்குள்ள 50, வெளிய தார் ரோடு 90, ஜல்லி ரோடு 80. பகலோ ராத்திரியோ ஹெட்லைட் எப்பவும் எரியணும், அது சட்டம். ஒத்தை வண்டி மட்டும் போற பாலம் நிறைய வரும், யார் முன்னாடி கிட்ட வந்தாங்களோ அவங்க போகணும், சந்தேகமா இருந்தா நின்னுடுங்க. கோடையில ஆடுங்க ரோட்டுல அவிழ்த்து விட்ட மாதிரி திரியும், தாய் ஒரு பக்கம் குட்டி இன்னொரு பக்கம் நின்னா குட்டி கண்டிப்பா குறுக்க ஓடும், வேகத்தைக் குறைங்க. எஃப்னு ஆரம்பிக்கற நம்பர் ரோடு மலை ரோடு, ஃபோர் வீல் டிரைவ் இல்லாம போகக் கூடாது, கோடையில மட்டும்தான் திறப்பாங்க, ரெண்டு நாளைக்கு அது தேவையும் இல்ல. ரோட்டை விட்டு இறங்கி ஓட்டறது குற்றம், அபராதம் பெரிசா வரும். ஆட்டோமேட்டிக் வண்டி வேணும்னா புக் பண்றப்பவே கேட்டு வாங்கணும்.

காத்து. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். முதல் தடவை செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் பார்க்கிங்ல என் வீட்டுக்காரி சாதாரணமா கதவைத் திறந்தா, காத்து அப்படியே பிடுங்கி முன்பக்கமா மடக்கிடுச்சு, கதவு மூடவே இல்ல, கயிறு கட்டி ஓட்டிட்டு வந்தோம். காத்துல கதவு போறது பெரும்பாலான இன்சூரன்ஸ்ல வராது, நான் எடுத்த ஜல்லி இன்சூரன்ஸ், சாம்பல் மணல் இன்சூரன்ஸ் எதுலயும் வரல, பில் எங்க தலையில. அதனால வண்டியை எப்பவும் மூக்கு காத்தைப் பார்த்து இருக்கற மாதிரி நிறுத்துங்க, கதவை ஒரு கையில கெட்டியா பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா திறங்க, பசங்க பக்கத்துக் கதவை பெரியவங்கதான் வெளிய இருந்து திறக்கணும். ரெண்டாவது தடவை இதை வீட்டுச் சட்டமாவே வெச்சிட்டோம்.

பெட்ரோல் பங்க்ல ஆள் இருக்க மாட்டாங்க, மெஷின் கார்டுக்கு பின் நம்பர் கேக்கும். அமெரிக்க கிரெடிட் கார்டு நிறையதுக்கு பின்னே கிடையாது. பின் தெரிஞ்ச டெபிட் கார்டு ஒண்ணு கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க. மத்தபடி நாடு முழுக்க கார்டுதான், குரோனா நோட்டு மாத்தவே தேவையில்ல, நாங்க ரெண்டு தடவையும் ஒரு நோட்டைக் கூட கையால தொடல. டிப்ஸ் பழக்கமும் கிடையாது.

தினமும் காலையில கிளம்பறதுக்கு முன்னாடி மூணு இடம் பார்க்கணும்: ஐஸ்லாந்து வானிலைத் துறை சைட்ல காத்து வேகம், ரோடு துறை மேப்ல எந்த ரோடு மூடியிருக்கு, அப்புறம் சேஃப்டிராவல் சைட்ல எச்சரிக்கை. வானிலை மஞ்சள் எச்சரிக்கைன்னா யோசிங்க, ஆரஞ்சுன்னா ஊருக்குள்ளயே இருந்துடுங்க, காசு போனாலும் பரவாயில்ல. அவசர நம்பர் 112.

முதல் திசை: கோல்டன் சர்க்கிள்

ஒரு நாள்தான் இருக்குன்னா இதுதான். ரெய்க்யாவிக்ல கிளம்பி திரும்ப அங்கேயே வர சுமார் 230 கிலோமீட்டர் வட்டம்.

முதல்ல திங்வெல்லிர், முக்கால் மணி நேரம். பூமியோட மேல் ஓடு பெரிய பெரிய தட்டா இருக்கு, அதுல வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் பிரியற இடம், வருஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் வாக்குல நிலம் விலகிக்கிட்டே இருக்கு, அந்தப் பிளவுக்கு நடுவுல நாம நடந்து போறோம், ரெண்டு பக்கமும் கருங்கல் சுவர். கி.பி. 930-ல நாடு முழுக்க இருந்து ஜனங்க குதிரையில வந்து திறந்த வெளியில கூடி சட்டம் பேசினது இங்கதான், அல்திங்னு பேரு, இன்னைக்கும் அவங்க பார்லிமென்ட்டுக்கு அதே பேருதான். 1944 ஜூன் 17 குடியரசு அறிவிச்சதும் இதே இடம். நிறைய பேர் பார்க்கிங்ல இறங்கி மேல இருந்து ஒரு போட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க, அது பாவம். கீழ இறங்கி ஒரு மணி நேரம் நடங்க. சில்ஃப்ரான்னு ஒரு வெடிப்புல தண்ணி கண்ணாடி மாதிரி, 2-ல இருந்து 4 டிகிரி குளிர்ல தனி டிரெஸ் போட்டு அதுக்குள்ள மிதப்பாங்க, முன்னாடியே புக் பண்ணணும், நாங்க மேல நின்னு பார்த்ததோட சரி.

அடுத்தது கெய்சிர், இன்னொரு 60 கிலோமீட்டர். கொதிதண்ணி பீச்சி அடிக்கற ஊத்துக்கு உலகம் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கற பேரே இந்த ஊத்துல இருந்துதான் போச்சு. பெரிய கெய்சிர் இப்ப பெரும்பாலும் தூங்கிட்டுத்தான் இருக்கு, பக்கத்துல ஸ்ட்ரோக்கூர் 6-ல இருந்து 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 15, 20 மீட்டர் உயரத்துக்கு எகிறும். போன்ல கண்ணை வெச்சிருக்காதீங்க, தண்ணியைப் பாருங்க, எகிறறதுக்கு ஒரு நொடி முன்னாடி நீலமா ஒரு பெரிய குமிழி உப்பிக்கிட்டு வரும், எனக்கு அந்த ஒரு நொடிதான் உயிர். மூணு தடவையாவது நில்லுங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம் நிக்கணும், இல்லன்னா நனைஞ்சிடுவீங்க. தரையில சின்ன ஓடை மாதிரி ஓடற தண்ணியும் கொதிக்கற தண்ணிதான், பசங்க கையை விடாதீங்க, கயித்தைத் தாண்டாதீங்க.

அங்கேருந்து பத்தே கிலோமீட்டர் குல்ஃபாஸ். க்வீட்டா ஆறு ரெண்டு படியா, முதல்ல 11 மீட்டர் அப்புறம் 21 மீட்டர், ஒரு பள்ளத்துக்குள்ள குறுக்கா விழுந்து மறைஞ்சிடும். போன நூற்றாண்டு ஆரம்பத்துல இதுல மின்சாரம் எடுக்க வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க. பக்கத்துப் பண்ணை வீட்டுப் பொண்ணு சிக்ரிதூர் தோமஸ்தோத்திர் அதை எதிர்த்து கோர்ட் வரைக்கும் போராடினாங்க, அணை கட்டினா அருவியிலயே குதிச்சிடுவேன்னு சொன்னாங்கன்னு அங்க எல்லாரும் சொல்ற கதை. அவங்களுக்காக வாதாடின வக்கீல் ஸ்வெய்ன் பியோர்ன்சன்தான் 1944-ல நாட்டோட முதல் குடியரசுத் தலைவர் ஆனாரு. காலையில திங்வெல்லிர்ல நின்ன அந்த இடத்தோட கதை இங்க வந்து முடியுது. அருவி பக்கத்துல அந்த அம்மாவோட முகம் செதுக்கின கல் இருக்கு, ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க, அவங்க இல்லன்னா நாம இன்னைக்கு பார்க்க அருவியே இருந்திருக்காதோ என்னவோ.

சாப்பாட்டுக்கு ஃபிரித்ஹெய்மர்னு ஒரு தக்காளிப் பண்ணை, கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள பூமிச் சூட்டுல வருஷம் முழுக்க தக்காளி விளையுது, செடிக்கு நடுவுலயே மேஜை போட்டு தக்காளி சூப்பும் சுடச்சுட பிரெட்டும் தருவாங்க. சைவக்காரங்களுக்கு இந்த ரோட்டுல இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது, எங்க அம்மா ரெண்டு கிண்ணம் குடிச்சாங்க. முன்னாடியே இடம் பிடிச்சு வெக்கணும். திரும்பற வழியில கெரித், சிவப்பு மண் எரிமலைக் குழிக்குள்ள நீலக் குளம், கொஞ்சம் கட்டணம் உண்டு, அரை மணி நேரம் போதும்.

ரெண்டாவது திசை: தெற்குக் கரை

வீக் ஊர் வரைக்கும் போய்த் திரும்ப 375 கிலோமீட்டர், அஞ்சு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கணும். டிசம்பர் ஜனவரியில இதை சொந்தமா ஓட்டாதீங்க. பனிக்கட்டி மிதக்கற யோகுல்சார்லோன் ஏரி போட்டோ பார்த்துட்டு அங்கேயும் போகணும்னு தோணும், அது ஒரு பக்கமே 370 கிலோமீட்டர், அதுக்கு வழியில ஒரு ராத்திரி தங்கணும், விட்டுடுங்க.

செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் 60 மீட்டர் அருவி, பின்னாடி நடந்து போய் சுத்தி வரலாம், முழுசா நனைவீங்க, குளிர்ல அந்தப் பாதையை மூடிடுவாங்க. அரை மணி நேரத்துல ஸ்கோகாஃபாஸ், இதுவும் 60 மீட்டர் ஆனா அகலமா ஒரே திரையா விழும், வெயில் அடிச்சா வானவில். பக்கத்துல 500 படிக்கு மேல, அப்பா நூறாவது படியோட உட்கார்ந்துட்டாரு, கீழ இருந்து பார்க்கறதே நிறைவுதான். ரெண்டு அருவிக்கும் நடுவுல இடது பக்கம் தெரியற பனிமலைதான் எய்யாஃபியாட்லயோகுல், 2010-ல வெடிச்சு ஐரோப்பா முழுக்க ஃப்ளைட்டை நிறுத்தின அதே எரிமலை.

ரெய்னிஸ்ஃபியாரா கருப்பு மணல் கடற்கரை. இங்க நான் சொல்றதை தயவு செஞ்சு மனசுல வெச்சுக்கோங்க. நம்ம ஊர் பீச்சுல அலையில கால் நனைக்கற பழக்கத்துல இங்க தண்ணி கிட்ட போகவே கூடாது. தெற்கே அன்டார்டிகா வரைக்கும் நடுவுல தடுக்க நிலமே இல்ல, எங்கேயோ கிளம்பின அலை முழு பலத்தோட வரும், கரைக்கு கிட்டவே கடல் சட்டுனு ஆழமாயிடும். பத்து சின்ன அலைக்கு அப்புறம் திடீர்னு ஒண்ணு இருபது முப்பது அடி தள்ளி மேல ஏறி ஆளை இழுத்துட்டுப் போயிடும், சுற்றுலா வந்தவங்க பல பேர் இங்க செத்திருக்காங்க. நுழையற இடத்துல எச்சரிக்கை லைட் இருக்கு, என்ன நிறம்னு பார்த்துட்டு அது சொல்ற இடத்தோட நின்னுடுங்க. கடலுக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்காதீங்க, பசங்க கையை ஒரு நொடி கூட விடாதீங்க. தள்ளி நின்னாலும் அந்தக் கருங்கல் தூணும் கடல்ல நிக்கற பாறையும் நல்லாவே தெரியும்.

கோடைன்னா ஒரு யோசனை: காலையில மெதுவா கிளம்பி நேரா வீக் போயிட்டு அருவிங்களை திரும்பற வழியில ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குப் பாருங்க. டூர் பஸ் எல்லாம் போயிருக்கும், வெளிச்சம் அப்படியே இருக்கும்.

சுடுதண்ணி

ப்ளூ லகூன் ஏர்போர்ட்ல இருந்து 20 நிமிஷம், கஞ்சித் தண்ணியில நீலம் கலந்த மாதிரி இருக்கும், பக்கத்து பூமிச் சூட்டு மின் நிலையத்துல இருந்து வெளிய வந்த தண்ணி தேங்கினதுதான். டிக்கெட் முன்னாடியே எடுக்கணும். அந்தப் பக்கத்துல 2023 டிசம்பர்ல இருந்து எரிமலை அடிக்கடி வெடிச்சுக்கிட்டு வந்திருக்கு, பக்கத்து கிரிண்டாவிக் ஊர் ஜனங்களை 2023 நவம்பர்லயே காலி பண்ண வெச்சாங்க, லகூனையும் பல தடவை மூடித் திறந்திருக்காங்க. போற அன்னைக்கு காலையில சைட்ல பார்த்துட்டுப் போங்க. வெள்ளி மெட்டி, கொலுசு, செயின் எல்லாம் கழட்டி வெச்சிடுங்க, கந்தகத்துல கறுத்துடும். நீள முடி இருக்கறவங்க கண்டிஷனரை நிறைய தடவி மேல கொண்டை போட்டுக்கோங்க, அந்தத் தண்ணி பட்டா முடி ரெண்டு நாள் நார் மாதிரி இருக்கும்.

ஆனா ஐஸ்லாந்துக்காரங்க நிஜமா போறது ஊர் நீச்சல் குளம், விலை ரொம்பக் குறைவு, ஒவ்வொரு தொட்டி மேலயும் எத்தனை டிகிரின்னு எழுதியிருக்கும், பக்கத்துல உட்கார்ந்திருக்கற பெரியவங்க தானா பேச்சு கொடுப்பாங்க. ஒரு விஷயம் தெரிஞ்சுட்டுப் போகணும்: குளத்துல குளோரின் கொஞ்சமாத்தான் போடறாங்க, அதனால இறங்கறதுக்கு முன்னாடி துணி எதுவும் இல்லாம சோப்பு போட்டுக் குளிச்சே ஆகணும், ஆண் பெண் தனித்தனி அறைதான் ஆனா பொதுக் குளியல். நம்ம ஆளுங்களுக்கு இது பெரிய தயக்கம். அங்க யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க. மனசு வரலன்னா கதவு, திரை வெச்ச தடுப்பு எந்தக் குளத்துல இருக்குன்னு கேட்டு அங்க போங்க, ப்ளூ லகூன்லயும் தனி அறை உண்டு. நீச்சல் டிரெஸ்ஸோட குளிச்சுட்டு நழுவிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அவங்களுக்கு அது மரியாதைக் குறைவு.

சாப்பாடு

ஹோட்டல்ல நாலு பேர் சாப்பிட்டா பில் மனசைக் கரைச்சிடும். கிச்சன் இருக்கற ரூம் எடுத்து பன்னிப் படம் போட்ட போனஸ் கடையில சாமான் வாங்குங்க. ஸ்கிர்னு விக்கறது கெட்டித் தயிர் மாதிரி, இனிப்பு சேர்க்காததா பார்த்து எடுத்து சோத்துல பிசைஞ்சா அருமையான தயிர் சாதம், நாங்க ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டு போயிருந்தோம், ரெண்டு ராத்திரியும் அதுதான். அசைவம்னா ஆட்டுக்கறியும் காய்கறியும் போட்ட சூப், குளிர்ல அதுக்கு ஈடு இல்ல. ஹாட் டாக்ல ஆடு, மாடு, பன்னி மூணும் கலந்திருக்கும், தவிர்க்கறவங்க கவனிங்க.

ராத்திரி வானம்

நார்தர்ன் லைட்ஸ்க்கு எல்லாரும் அது எவ்வளவு பலமா வரும்னு சொல்ற கேபி நம்பரைப் பார்ப்பாங்க, அதை விட மேகம்தான் முக்கியம். வானிலைத் துறை அரோரா (நார்தர்ன் லைட்ஸோட இன்னொரு பேரு) மேப்ல வெள்ளையா இருக்கற இடத்துல வானம் தெளிவு, பச்சையா இருக்கற இடத்துல மேகம். வெள்ளை இருக்கற பக்கமா ஊர் வெளிச்சத்தைத் தாண்டிப் போய் ஒரு பார்க்கிங்ல நில்லுங்க, ரோட்டு ஓரத்துல நிறுத்தாதீங்க. பஸ் டூர்ல போனா அன்னைக்குத் தெரியலன்னா பெரும்பாலும் மறுநாள் இலவசமா கூட்டிட்டுப் போவாங்க, அதனால டூரை முதல் ராத்திரிக்கே போடுங்க, ரெண்டாவது ராத்திரி கையில இருக்கும்.

கிளம்பற அன்னைக்கு

ஐரோப்பா போற ஃப்ளைட் காலை ஏழரை வாக்குல, அதுக்கு ரெய்க்யாவிக்ல இருந்து 4 மணிக்கே கிளம்பணும். பெட்ரோல் முந்தின நாள் சாயங்காலமே நிரப்பிடுங்க, கார் விடற இடத்துல இருந்து ஏர்போர்ட்டுக்கு குட்டி பஸ் பிடிக்கணும்னா அதுக்கு அரை மணி நேரம் தனி. வண்டியை விடறப்ப நாலு பக்கமும் வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க. அமெரிக்கா பக்கம் போற சாயங்கால ஃப்ளைட்னா காலையில ப்ளூ லகூன் போயிட்டு அப்படியே ஏர்போர்ட், ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கைப்பையிலயே இருக்கட்டும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்னா எந்த ஃப்ளைட்டா இருந்தாலும் ஒரு மணி நேரம் கூடவே வெச்சுக்கோங்க, ஏர்போர்ட் ரோட்டுல காத்து அடிச்சா பஸ்ஸும் மெதுவாத்தான் போகும்.